வயல் தைல மர இலையில தைலம் காய்ச்சலாமா?

கீரனூர்க்காரன்:
புதுக்கோட்டை பக்கம் மானாவாரி நிலத்துல ரெண்டு ஏக்கர் தைல மரம். காகித ஆலைக்குக் கட்டை போனதும் இலையெல்லாம் கெடந்து காயுது. ஊட்டியில விக்கிற மாதிரி தைலம் எடுக்க முடியுமா? வீட்டுல பழைய செம்பு அண்டா ஒண்ணு சும்மா இருக்கு.

கோத்தகிரி அடுப்பு:
எடுக்கலாம் தம்பி, ஆனா கட்டுப்படியாகாது. நாங்க காய்ச்சுறது குளோபுலஸ்ங்கிற வகை, குளிர்ல வளர்ற தைல மரம், எங்க பக்கம் கற்பூர மரம்னு சொல்வோம். நூறு கிலோ இலைக்குச் சுமாரா ஒரு கிலோ தைலம் வரும். உங்க பக்கம் நடுறது பெரும்பாலும் டெரிட்டிகார்னிஸ்ங்கிற வகை, இல்லன்னா ஆலைக்காரங்க கொடுக்கிற குளோன், அதாவது ஒரே தாய் மரத்துல இருந்து எடுத்த கன்னு. கட்டைக்காகத் தேர்ந்தெடுத்தது, இலையில எண்ணெய் கம்மி. மருந்துத் தரம்னா தைலத்துல சினியோல்ங்கிற முக்கியச் சத்து 70 சதவீதமாவது இருக்கணும், தெரியுமில்ல?

ஆசைக்கு ஒரு தடவை காய்ச்சணும்னா: அடியில தண்ணி, மேல ஓட்டைத் தட்டு, அதுமேல இலையை நல்லா மிதிச்சு நிரப்பணும். மூடி ஓரத்துல களிமண் பூசணும். ஆவிக் குழாய் தண்ணித் தொட்டிக்குள்ள போய் வரணும். சொட்டுறதுல தைலம் மேல மிதக்கும், தண்ணியை அடியில திறந்து விட்டுடலாம். தொட்டித் தண்ணி மட்டும் சூடாகக் கூடாது. கொட்டகை பூரா நெடி தூக்குச்சுன்னா காசு காத்துல போகுதுன்னு அர்த்தம்! விறகுக்கு அலைய வேண்டாம், வடிச்ச இலையைக் காயப்போட்டு அதையே எரிக்கிறோம்.

எலுமிச்சை வாசம் அடிக்கிற சிட்ரியோடோரா மரம் இருந்தா வேற கதை. அது சோப்பு, வாசனைச் சரக்குக்குப் போகும். சளிக்கு ஆகாது.

வார்டு அக்கா:
காய்ச்சினா குவார்ட்டர் பாட்டில்ல ஊத்தி அடுக்களையில வைக்காதீங்க. சின்னப் பிள்ளை கொஞ்சம் குடிச்சாலே வலிப்பு வரலாம். கைக்குழந்தை மூக்குல தடவுறதும் வேண்டாம், மூச்சு முட்டும்.

கீரனூர்க்காரன்:
சரிக்கா. அண்ணே, ஊட்டியில வாங்கின பாட்டில்ல ஒரு சொட்டு தாள்ல விட்டேன், மறுநாளும் கறை அப்படியே இருக்கு?

கோத்தகிரி அடுப்பு:
அப்போ ஆவியாகாத ஏதோ எண்ணெய் கலந்திருக்கு. கறை நிக்கலைன்னாலும் சுத்தம்னு நம்பிடாதீங்க. டர்பன்டைன் கலந்திருந்தா அதுவும் சேர்ந்து பறந்துடும்.