‘ஷை’ என்பதா, ‘ரிசர்வ்டு’ என்பதா?

கேள்வி: கூட்டங்களில் தானாகப் பேசாத, ஆனால் கேட்டால் தெளிவாக விடை தரும் உதவியாளருக்கான ஆங்கிலப் பரிந்துரைக் கடிதத்தில் ‘ஷை’ (shy) என்று எழுதி, உடனே அடித்துவிட்டேன். ‘ரிசர்வ்டு’ (reserved) பொருந்துமா?

மறுமொழி 1: பொருந்தும். பேச விரும்பியும் கூச்சத்தால் நா எழாதவரே ‘ஷை’. தம் கருத்தையும் உணர்வையும் தாமாகவே அளவோடு வெளியிடுபவர் ‘ரிசர்வ்டு’. அதிகம் பேசாத சுபாவத்தைக் குறிக்கும் ‘டாசிடர்ன்’ (taciturn) மட்டும் வேண்டாம், அதில் சிடுமூஞ்சித்தனத்தின் சாயல் உண்டு.

மறுமொழி 2: ‘டாசிடர்ன்’, ‘ரெட்டிசென்ட்’ (reticent) இரண்டுக்கும் மௌனமாயிருத்தலைக் குறிக்கும் ஒரே லத்தீன் வினைச்சொல்தான் வேர் என்றாலும், முன்னது சுபாவத்தைச் சுட்ட, பின்னது பெரும்பாலும் ஏதேனும் ஒன்றைப் பற்றி வாய் திறக்கத் தயங்குவதைச் சுட்டும், ஊரெல்லாம் பேசுபவரும் தம் சம்பளம் குறித்து ‘ரெட்டிசென்ட்’ ஆகலாம்.

கேட்டவர்: நன்றி. ‘ரிசர்வ்டு’ என்றே எழுதி, அவர் விடைகளின் தெளிவையும் அடுத்த வரியில் சேர்த்துவிட்டேன்.