ஹியூரிஸ்டிக்: ‘கண்டறிமுறை’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஹியூரிஸ்டிக் (heuristic) என்ற ஆங்கிலக் கலைச்சொல்லுக்குத் தமிழில் ‘கண்டறிமுறை’ என்றே வைத்துக்கொள்ளலாம், கிரேக்க மூலத்தின் பொருளும் அதுதானே என்ற கருத்தைப் படித்தேன். மூலத்தைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் அந்த மூலத்திலிருந்து பிரிந்த ‘ஹியூரேக்கா’, ‘ஹியூரிஸ்டிக்’ என்ற இரண்டு சொற்கள் எதிரெதிர்த் திசைகளில் போயிருக்கின்றன என்பதையும், நாம் பெயர் தேடுவது அவற்றுள் இரண்டாவதற்கு என்பதையும் கவனிக்க வேண்டும்.

‘ஹியூரிஸ்கோ’ என்றால் தேடிக் காண்கிறேன் என்று பொருள். அதன் முடிவுற்ற வடிவம் ‘ஹியூரேக்கா’. அனுமன் சொன்ன ‘கண்டனென்’ போலவே, கண்டவர் யார் என்பதையும் கண்டாயிற்று என்பதையும் ஒரே வினைமுற்றில் அடக்கிக்கொள்ளும் சொல். ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியிலிருந்து எழுந்தோடியபோது கூவியதாக, அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிற்பட்ட ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்தது இதைத்தான். 1796 சூலை 10 அன்று, எந்த இயல் எண்ணையும் மூன்று முக்கோண எண்களின் (0, 1, 3, 6, 10 என வளர்பவை) கூட்டலாக எழுதலாம் என்று நிறுவிய பத்தொன்பது வயதுக் கணிதர் காஸ், தம் நாட்குறிப்பில் கிரேக்க எழுத்திலேயே குறித்ததும் இதைத்தான். இரண்டு இடத்திலும் தேடல் முடிந்துவிட்டது.

ஹியூரிஸ்டிக் அப்படியன்று. விடை இன்னும் கைக்கு வராத நிலையில், எந்தப் பக்கம் தேடினால் கிடைக்கக்கூடும் என்று சொல்வது அது. கணிதர் ஜார்ஜ் போலியா 1945-இல் அச்சொல்லுக்குப் புத்துயிர் தந்தபோதும் இந்தப் பொருளில்தான் கையாண்டார்: கணக்கு பிடிபடவில்லையென்றால் அதையொத்த எளிய கணக்கொன்றை முதலில் போட்டுப் பார் என்பது அவர் காட்டிய வழிகளுள் ஒன்று. ‘கண்டறி’ என்பதிலுள்ள ‘கண்டு’ இறந்தகால எச்சம்; காண்பதற்கு முன்னுள்ள நிலைக்கு அது எப்படிப் பொருந்தும்?

நடைமுறைச் சிக்கல் இதைவிடப் பெரிது. நச்சுநிரல் தடுப்பு மென்பொருள்கள், முன்பே பதிவான அடையாளம் இல்லாத நிரலையும் அதன் நடத்தையை வைத்து ஐயுறும். இதை ஹியூரிஸ்டிக் டிடெக்‌ஷன் என்கிறார்கள். டிடெக்‌ஷனுக்குக் ‘கண்டறிதல்’ என்பது ஏற்கெனவே ஊன்றிவிட்டது. ஆகவே ‘கண்டறிமுறைக் கண்டறிதல்’ என்று எழுத நேரும். அப்படியொரு தொடரை மொழிபெயர்ப்பாளர் யாரும் மனமொப்பி எழுதமாட்டார்.

ஹியூரிஸ்டிக்குக்குச் சொல்லப்படும் ‘பட்டறிவு முறை’, ‘தோராய முறை’ என்ற மற்ற இரண்டு பெயர்களையும் ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்க்கலாம். வரைபடத்தில் வழி தேடும் ஏ-ஸ்டார் படிமுறை 1968-இல் வெளியானது. அடுத்து எந்தச் சந்திப்பை ஆராய்வது என்று முடிவுசெய்ய, அந்தச் சந்திப்பு வரை கடந்த தொலைவோடு, அங்கிருந்து சேருமிடத்துக்கு உள்ள நேர்கோட்டுத் தொலைவையும் கூட்டிப் பார்க்கும். இந்த நேர்கோட்டுத் தொலைவுதான் இங்கே ஹியூரிஸ்டிக். அது எவருடைய பட்டறிவிலிருந்தும் வரவில்லை, வடிவியலிலிருந்து வருகிறது. எந்தச் சாலையும் நேர்கோட்டைவிடக் குறுகியதாக இருக்க முடியாது என்பதால் இந்த மதிப்பீடு ஒருபோதும் மிகையாகாது; அதனாலேயே இறுதியில் கிடைப்பது மிகக் குறுகிய பாதைதான் என்று நிறுவவும் முடிகிறது. தோராயம் என்று பெயரிட்டால் இந்த உறுதிப்பாடு மறைந்துபோகும்.

உளவியலில் நிலைமை வேறு. உளவியலாளர்கள் டுவெர்ஸ்கியும் கானமனும் 1974-இல் எழுதிய கட்டுரையில், ஆங்கிலச் சொற்களில் ‘ஆர்’ முதலெழுத்தாக வருவது மிகுதியா, மூன்றாம் எழுத்தாக வருவது மிகுதியா என்ற கேள்வி வருகிறது. முதலெழுத்தை வைத்துச் சொற்களை நினைவுகூர்வது எளிது என்பதால் பெரும்பாலோர் முதலாவதைச் சொல்கிறார்கள். உண்மையில் மிகுதி மூன்றாமிடத்தில்தான். எளிதில் நினைவுக்கு வருவதை வைத்து இப்படி முடிவுகட்டுவதுதான் இங்கே ஹியூரிஸ்டிக். தவறான விடைக்கு இட்டுச்சென்ற ஒன்றைக் ‘கண்டறிமுறை’ என்பது நகைப்புக்கிடம். ‘குறுக்குவழி’ இங்கே அழகாகப் பொருந்துகிறது, ஆனால் போலியாவிடம் கொண்டுபோனால் பொருந்தாது.

என் முன்மொழிவு ‘காண்வழி’. வினைத்தொகையாதலால் கண்ட வழி, காண்கின்ற வழி, காணும் வழி என முக்காலத்துக்கும் இடம் தரும். கண்டாயிற்று என்று உறுதி கூறாது. காண்வழித் தேடல், காண்வழிச் சார்பு, காண்வழி மதிப்பீடு என்று கூட்டுச்சொற்களும் தடையின்றி அமைகின்றன. ‘காண்நெறி’ என்றும் எண்ணிப் பார்த்தேன். இலக்கணப்படி அது ‘காணெறி’ என்று புணரும், படிப்பவர் யாரோ எதையோ எறிகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு குறை எனக்கே தெரிகிறது. ‘இணையவழி’ போன்ற சொற்களில் ‘வழி’ ஊடகத்தைக் குறித்துப் பழகிவிட்டதால், ‘காண்வழித் தேடல்’ என்பதைப் படத்தைப் பார்த்துத் தேடுவது என்று கொள்ள வாய்ப்புண்டு. கட்டுரையின் தொடக்கத்தில் ஒருமுறை விளக்கிவிட்டால் இது தீரும் என்பது என் எண்ணம். ஹியூரிஸ்டிக்குகளையே வழிநடத்தும் மேல்நிலை முறையான மெட்டா-ஹியூரிஸ்டிக்குக்கு ‘மீகாண்வழி’ என்பது எனக்கே நிறைவளிக்கவில்லை. அதற்கு வேறு முன்னொட்டு தோன்றுபவர்கள் எழுதுங்கள்.