இலங்கை யார் பக்கம் சாய்வது நல்லது?

காரைக்குடி மாணவி:
அடுத்த வாரம் கல்லூரியில் பேச்சுப் போட்டி. தலைப்பு, இந்தியப் பெருங்கடலில் ஒரு தீவு நாட்டின் பாதுகாப்பு. இலங்கையை எடுத்திருக்கிறேன். கடனைக் கட்ட முடியாததால் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனா எடுத்துக்கொண்டது, ஆகவே இந்தியா பக்கம் நின்றுவிடுவதே நல்லது என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

தேவகோட்டைக்காரர்:
ஒரு வரியைத் திருத்தம்மா. துறைமுகம் கடனுக்கு ஈடாகப் போகவில்லை. 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டு, சுமார் 112 கோடி டாலர் வாங்கினார்கள். அந்தப் பணம் டாலர் கையிருப்புக்குப் போனது. துறைமுகம் கட்ட வாங்கிய கடன் அப்படியே நின்றது. இலங்கையின் வெளிநாட்டுக் கடனில் மிகப் பெரிய பங்கு சந்தையில் விற்ற கடன் பத்திரங்கள்தான். 2022 ஏப்ரலில் இலங்கை கடனைக் கட்ட முடியாதென்று கை விரித்தது சீனாவுக்கு மட்டுமல்ல, பத்திரம் வாங்கியவர்களுக்கும் சேர்த்துத்தான்.

கடன் கொடுத்தவன் பக்கமிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழிலுக்குப் போனவர். 1930களில் நெல் விலை விழுந்ததும் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை. கீழ் பர்மாவின் நெல்நிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. கூடவே ஊரார் வெறுப்பும் வந்தது. 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். ஐயா வீடு வந்து சேர்ந்தபோது கையில் இருந்தது ஒரு கணக்கு நோட்டு மட்டும். இரும்புப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. பர்மியப் பெயர்கள் தமிழில், எதிரே ஏக்கர், கடைசியில் ‘நின்ற பாக்கி’. அந்தத் தொகைக்குக் கீழே அவர் கோடே போடவில்லை. அடுத்தவன் மண்ணைக் கையில் வைத்திருப்பது பலம் என்று நம்பி இழந்தவர்கள் நாங்கள். சீனாவுக்கும் இந்தியாவுக்கும் அதைத்தான் சொல்வேன்.

சிங்கை வாசி:
சிங்கப்பூர் எந்தப் பக்கமும் ஒரேயடியாகச் சாயவில்லையே அண்ணே. அமெரிக்கப் போர்க்கப்பல் சாங்கி கடற்படைத் தளத்துக்கு வருகிறது, சீனாவோடு வியாபாரமும் நடக்கிறது. 1967-இலிருந்து ஆண்பிள்ளைகளுக்குக் கட்டாய ராணுவ சேவை.

காரைக்குடி மாணவி:
அப்படியானால் இலங்கையும் நடுவிலேயே நிற்கலாமா ஐயா?

தேவகோட்டைக்காரர்:
சிங்கப்பூரிடம் கையிருப்பு இருக்கிறது, அதனால் மறுத்துப் பேச முடியும். இலங்கையிடம் அன்று அது இல்லை. 2022-இல் இந்தியா சுமார் 400 கோடி டாலர் உதவி கொடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது. டெல்லி ஆட்சேபித்தது, கொழும்பு முதலில் தள்ளிப்போடச் சொல்லி, பிறகு அனுமதித்தது. இரண்டு பேரிடமும் கை நீட்டியவனுக்கு வேறு வழி ஏது? வியாபாரம் யாரோடும் செய்யட்டும். அண்டை வீட்டுக்கு எதிராகத் தன் துறைமுகத்தை யாருக்கும் விடக் கூடாது. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு இரு நாட்டுத் தலைவர்களும் எழுதிக்கொண்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகம் பற்றி இதே பேச்சுதான் இருக்கிறது. அதைத் தேடிப் படித்துவிட்டு எழுது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் நோட்டையும் காட்டுகிறேன்.