கிறிஸ்தவக் காதல், மர்ம நாவல்கள்: ஜெபமும் வேண்டும், முடிச்சும் நேர்மையாக அவிழ வேண்டும்

வெள்ளவத்தை வாசகி:
வணக்கம். ஆங்கிலக் கிறிஸ்தவ நாவல்களை எனக்கு அறிமுகப்படுத்தியவர் அம்மா. மருதானை டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள பாவித்த புத்தகக் கடைகளில் ஜெனட் ஓக்கின் நாவல்களைத் தேடி வாங்கி, குருத்தோலை ஞாயிறன்று ஆலயத்தில் கிடைத்த ஓலைச் சிலுவையை அடையாளமாகச் செருகி, அது காய்ந்து உதிரும்வரை வாசிப்பார். 1979இல் வெளிவந்த 'லவ் கம்ஸ் சோஃப்ட்லி'யில், கணவனை இழந்து நிர்க்கதியான பெண் தாயில்லாப் பிள்ளையின் தகப்பனை வேறு வழியின்றி மணந்து, பின்னரே நேசிக்கத் தொடங்குகிறாள். அந்த நிதானம் எனக்கும் பிடிக்கும். ஆயினும் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி வாசிப்பவளுக்குச் சற்று விறுவிறுப்பும் தேவைப்படுகிறது. அண்மையில் வாசித்த ஒரு மர்ம நாவலில் கொலைகாரன் துப்பாக்கியை நீட்டினான். நாயகி கண்களை மூடி ஜெபித்தாள். உடனே பொலிசார் வந்துவிட்டார்கள். முந்நூறு பக்கங்கள் இறுக்கிய முடிச்சு அரைப் பக்கத்தில் அவிழ்ந்தது. இப்படி ஏமாற்றாத நாவல்கள் எவை?

கொட்டாஞ்சேனை:
லினெட் ஈசனின் 'லைஃப் ஃப்ளைட்' (2022) வாசித்துப் பாருங்கள். மருத்துவ ஹெலிகொப்டர் ஓட்டும் பெண், ஆபத்தான நிலையிலுள்ள நோயாளியுடன் புயலுக்கு நடுவே மலையில் தரையிறங்க நேர்கிறது. அதே வேளையில் தொடர் கொலைகாரன் ஒருவனும் வெளியே திரிகிறான். எவ்வளவு ஜெபித்தாலும் விசையைப் பிடிக்க வேண்டியவள் அவள்தான்.

சற்றுப் பழையதானாலும் டீ ஹென்டர்சனின் 'த நெகோஷியேட்டர்' (2000) எனக்கு இன்னும் நெருக்கமானது. அநாதைகளாக வளர்ந்த ஏழு பேர் தாங்களே ஒரு குடும்பமாகி ஒரே குடும்பப் பெயரைத் தெரிவுசெய்கிறார்கள். அவர்களுள் பணயக் கைதிகளை மீட்கப் பேச்சுவார்த்தை நடத்தும் கேட் என்ற பெண்ணுக்குத் தேவனில் விசுவாசமில்லை, அவளை நேசிக்கும் எஃப்பிஐ அதிகாரிக்கு உண்டு. நம் வீடுகளில் கலியாணப் பேச்சின்போது எழும் 'அந்நிய நுகம்', அதாவது விசுவாசி அவிசுவாசியை மணக்கலாமா என்ற கேள்வியே இங்கு காதலுக்கு முட்டுக்கட்டை. ஆகவே விசுவாசம் கதைக்கு மேல் பூசிய சாயமாகத் தெரியவில்லை.

பம்பலப்பிட்டி:
சகோதரி, நான் சிறிது மாறுபடுகிறேன். ஜெபத்தால் விடுதலை வருவது குறையல்ல. வேதாகமத்தில் அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தில், பேதுரு சிறையிலிருந்து தப்பி வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் அவருடைய சத்தத்தைக் கேட்ட சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலேயே உள்ளே ஓடுகிறாள். அவருக்காக ஜெபித்துக்கொண்டிருந்தவர்களோ அவளைப் பிதற்றுகிறாய் என்கிறார்கள், வெளியே தட்டும் சத்தமோ ஓயவில்லை. நீங்கள் சொன்ன நாவலில் அந்தத் திகைப்பு இல்லை. பொலிசார் வருவார்கள் என்பது எல்லாருக்கும் முன்பே தெரிந்ததுபோல் இருக்கிறது.

மர்மமே வேண்டாமென்றால், வேதாகமத்தில் விலைமகளை மணந்த ஓசியா தீர்க்கதரிசியின் கதையைக் கலிபோர்னியத் தங்க வேட்டைக் காலத்துக்குக் கொண்டுபோன பிரான்சின் ரிவர்ஸின் 'ரிடீமிங் லவ்' இருக்கிறது. விலைமகளின் வாழ்வைப் பேசும் நாவல் என்பதால் வாலிபப் பிள்ளைகளிடம் கொடுக்குமுன் நீங்கள் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

வெள்ளவத்தை வாசகி:
இருவருக்கும் நன்றி. ரோதையை மறந்தே போயிருந்தேன். சனிக்கிழமை மருதானையில் முதலில் டீ ஹென்டர்சனைத் தேடுவேன். அம்மாவிடம் கதையைச் சொன்னேன். கேட் கடைசியில் விசுவாசத்துக்கு வருகிறாளா என்பதை மட்டும் இப்போதே கேட்டுச் சொல்லச் சொன்னார். தயவுசெய்து யாரும் பதில் எழுத வேண்டாம்.