2024-இல் உலகம் முழுக்க ஓட்டு: நம் கடற்கரை ஆட்கள் நேரில் பார்த்தவை

தங்கச்சிமடம்:

தைவான், இந்தோனேசியா, நம் நாடு, அக்கரையில் இலங்கை, லண்டன், அமெரிக்கா என்று 2024-இல் உலகமே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டது. நம் பக்கத்து ஆட்கள் இல்லாத நாடு குறைவு, அதனால் ஆளுக்கு ஒரு தேர்தலைப் பார்த்திருப்பீர்கள். மனதை விட்டுப் போகாத ஒன்று இருந்தால் எழுதுங்கள். என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் 19. மீன்பிடித் தடைக்காலம் 15-ஆம் தேதியே தொடங்கிவிட்டதால் விசைப்படகு ஆட்கள் எல்லாரும் கரையில், பூத்தில் நல்ல கூட்டம். எங்கள் வீட்டில் மட்டும் ஒரு ஆள் இல்லை. எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட நம் படகு ஓட்டுநர்களுக்கும் ரெண்டாம் தடவை பிடிபட்டவர்களுக்கும் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று அக்கரையில் தண்டனை போட்டார்களே, அந்தக் கோபத்தில் பிப்ரவரியில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கே நாம் போகவில்லையே, அந்தச் சமயத்தில் உள்ளே போனவர் அண்ணன். மூணு மணி இருக்கும். ஒரு கட்சிக்காரப் பையன் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் ஓட்டுப் போடாதவர்கள் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே வந்தான். வேறு தெருப் பையன், அவனுக்கு எதுவும் தெரியாது. அண்ணன் பேரைச் சத்தமாகப் படித்து, "இன்னும் வரலையே, தூங்கிட்டாரா?" என்றான். அம்மா உள்ளே போய் அண்ணனுக்கு வந்த பூத் சிலிப்பை எடுத்துவந்து அவன் கையில் வைத்து, "அக்கரையில இருக்கான் தம்பி. இதை அங்க கொண்டு போய்க் குடு, அம்மா ஓட்டுப் போட வரச் சொன்னாங்கன்னு சொல்லு" என்றார்.

மார்ச் 31-ஆம் தேதி பிரதமர் கச்சத்தீவைப் பற்றிப் பதிவு போட்ட பிறகு அந்த மூணு வாரமும் எந்த மேடையிலும் கச்சத்தீவை இலங்கைக்குக் கொடுத்த 1974 ஒப்பந்தம்தான். யார் கொடுத்தது, யார் தடுக்கவில்லை என்று எல்லாரும் பேசினார்கள். உள்ளே கிடந்தவர்களை எப்போது கூட்டிவருவோம் என்று தேதி சொல்லி ஒருவர் பேசி நான் கேட்கவில்லை.

கீழக்கரை:

நான் குவைத்தில் டிரைவர். அங்கே நாடாளுமன்றத் தேர்தல் ஏப்ரல் 4, நோன்பு மாதத்தில். நோன்பு திறந்த பிறகு முதலாளியின் தாயாரை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன், பெண்களுக்குத் தனிச் சாவடி. குவைத்தில் பெண்களுக்கு ஓட்டு கிடைத்ததே 2005-இல்தான். அந்த அம்மா பாதி ஆயுசு ஓட்டே போடாமல் இருந்தவர், அதனால் தேர்தல் என்றால் பெருநாள் மாதிரி உடுத்திக்கொண்டுதான் கிளம்புவார். முட்டி வலி. இருந்தும் வீல்சேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தார்.

மே 10-ஆம் தேதி இரவு நாட்டை ஆளும் அமீர் டிவியில் பேசினார். சபை கலைக்கப்பட்டது, அரசியல் சட்டத்தின் சில பிரிவுகள் நாலு வருஷம் வரை நிறுத்தி வைப்பு. தேர்ந்தெடுத்த 50 பேரும் ஒருநாள்கூட உட்காரவில்லை, முதல் கூட்டமே மே 14-ஆம் தேதி என்றுதான் வைத்திருந்தார்கள். மறுநாள் காலை அந்த அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறேன், வழியில் அந்தப் பள்ளிக்கூடம் வருகிறது, கையை நீட்டி "அன்னைக்கு இங்கேதானே நிறுத்தினாய்?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அவருடைய அரசியல் தெரியாது, அவர் ஓட்டுப் போட்டவர் ஜெயித்தாரா என்றும் தெரியாது. ஒரு கிழவியை அத்தனை தூரம் நடக்க வைத்துவிட்டு அந்த ஓட்டை இல்லாமல் ஆக்கியதுதான் எனக்கு ஆறவில்லை.

தொண்டி:

கீழக்கரை காக்கா, நீங்கள் ஒரு பக்கம்தான் சொல்கிறீர்கள். அந்தச் சபையால் குவைத்தில் வருஷக்கணக்கில் ஒரு வேலையும் நகரவில்லை, சபையைக் கலைப்பது, மறுபடி தேர்தல் என்று மாறி மாறி ஓடியதை நீங்களும் பார்த்தவர்தானே.

நான் இருப்பது தோஹாவில். 2024 நவம்பர் 5-ஆம் தேதி, அமெரிக்காவில் ஓட்டுப் போட்ட அதே நாள், கத்தாரில் பொது வாக்கெடுப்பு நடந்தது. நம் ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியாது. அங்கத்துச் சட்டசபையான ஷூரா சபைக்கு 2021 அக்டோபரில்தான் முதல் தடவையாகத் தேர்தல் வைத்தார்கள், 45 இடத்தில் 30-க்கு. இனிமேல் அந்தத் தேர்தல் வேண்டாம், எல்லாரையும் அமீரே நியமிக்கட்டும் என்று சட்டத்தை மாற்றலாமா என்பது முக்கியமான கேள்வி. 100-க்கு 90 பேருக்கு மேல் சம்மதம் என்றார்கள், ஓட்டுப் போட்டவர்கள் 84 சதவீதம்.

எங்கள் கிடங்கு மேலாளர் அல் முர்ரா என்ற பழங்குடிக் கூட்டத்துக்காரர். 2021-இல் போட்ட சட்டப்படி 1930-க்கு முன்பே அங்கே இருந்த குடும்பம் என்றால்தான் முழு உரிமை. அந்தக் கூட்டத்தில் பலருக்கு ஓட்டு இல்லாமல் போய், தேர்தலுக்கு முன்பு ஆகஸ்டில் போராட்டமே நடந்தது. மேலாளரும் ஓட்டு இல்லாதவர்தான். தேர்தல் முடிவு வந்த அன்றைக்குக் கிடங்கில் எங்களோடு உட்கார்ந்து செல்போனில் முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், இடையில் எழுந்து போய் ரொம்ப நேரம் வெளியே வெயிலில் நின்றார். 2024 வாக்கெடுப்பில் 18 வயதான எல்லாக் குடிமக்களும் போடலாம் என்று ஆயிற்று. போட்டுவிட்டு நேராகக் கிடங்குக்கு வந்து எல்லாருக்கும் கஹ்வா காபியும் பேரீச்சம்பழமும் கொடுத்தார். அவருக்கு அதுதான் முதல் ஓட்டு.

அதனால் தேர்தல் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கெட்டது என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். ஒரு தேர்தல் அண்ணன் தம்பியைப் பிரித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கீழக்கரை:

தொண்டி தம்பி, பிரித்தது தேர்தல் இல்லை, யாருக்கு ஓட்டு என்று எழுதிய சட்டம். அந்தச் சட்டத்தை மட்டும் திருத்தி, தேர்தலை வைத்திருக்கலாமே. உன் மேலாளருக்கு அப்போது ரெண்டாவது ஓட்டும் கிடைத்திருக்கும்.

வேதாளை:

சின்ன விஷயம்தான். அம்மா வைத்தியத்துக்காக ஏப்ரலில் திருவனந்தபுரத்தில் தங்கியிருந்தோம், அதனால் 19-ஆம் தேதி ஓட்டுப் போட ஊருக்கு வர முடியவில்லை, அந்த வருத்தத்தில் இருந்தேன். பக்கத்து அறையில் மாலத்தீவுக் குடும்பம், அவர்களும் வைத்தியத்துக்கு வந்தவர்கள். 21-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் குளித்துக் கிளம்புகிறார்கள். எங்கே என்று கேட்டால் ஓட்டுப் போட என்கிறார்கள்! மாலத்தீவு நாடாளுமன்றத் தேர்தலுக்குத் திருவனந்தபுரத்திலும் கொழும்பிலும் கோலாலம்பூரிலும் பெட்டி வைத்திருந்தார்கள். மூத்திரப் பையோடு அந்தப் பெரியவரையும் ஆட்டோவில் ஏற்றினார்கள். தன் ஆள் வைத்தியத்துக்குப் போன ஊருக்கே பெட்டியைக் கொண்டுவருகிறது அந்தக் குட்டி நாடு. 96 கோடிக்கு மேல் வாக்காளர் இருக்கிற நம் நாட்டில், சொந்த நாட்டுக்குள்ளேயே பக்கத்து மாநிலத்தில் இருந்த எனக்கு வழி இல்லை.

தேவிபட்டினம்:

நான் லண்டனுக்குப் படிக்க வந்தவன். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் விசாவோடு இங்கே இருந்தால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்று அறைத்தோழன் சொன்னபோது நம்பவே இல்லை. பதிவு செய்தேன், பட்டியலில் பேர் வந்துவிட்டது. ஜூலை 4, ராத்திரி பத்து மணி வரை சாவடி திறந்திருந்தது, வேலை முடிந்து போனேன். இந்தியப் பாஸ்போர்ட்டைத்தான் அடையாளமாகக் காட்டினேன். சரி என்று சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். மெஷின் கிடையாது, மை கிடையாது, நூலில் கட்டிய ஒரு பென்சில், அதால் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும்.

அந்தப் பென்சிலைக் கையில் எடுத்ததும் வாப்பா ஞாபகம் வந்துவிட்டது. துபாயில் இத்தனை வருஷம் வேலை பார்த்தும் வாப்பா அங்கேயும் ஓட்டுப் போட்டதில்லை, ஊருக்கு வந்து போடத் தேர்தல் சமயத்தில் லீவும் கிடைத்ததில்லை. நான் வந்து ரெண்டு வருஷம் ஆகாத நாட்டில் பிரதமரை மாற்றுகிற தேர்தலில் நிற்கிறேன். வெளியே வந்து போன் போட்டுச் சொன்னேன். "நிஜமாவா? உனக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார், அப்புறம் உம்மாவைக் கூப்பிட்டு அவரிடமும் சொல்ல வைத்தார்.

ராமநாதபுரம் வாத்தியார்:

நான் ஏப்ரல் 19 அன்று நம் கடற்கரைப் பூத் ஒன்றில் மை வைக்கிற வேலையில் இருந்தேன். சின்னங்கள் ஒரே மெஷினில் அடங்காமல் ரெண்டு மெஷின் வைத்த தேர்தல், ஒரே பேரில் ஒரே இன்ஷியலில் பல பன்னீர்செல்வங்கள் நின்றது ஊருக்கே தெரியும். வலை இழுக்கும் வின்ச்சில் மாட்டி இடது ஆள்காட்டி விரலை இழந்த ஒருவர் வந்தார், விதிப்படி அதே கையில் அடுத்த விரலில் வைத்தேன். "விரல் போனாலும் ஓட்டுப் போகாதுல்ல சார்?" என்று கேட்டார், அந்தக் குரல் காதிலேயே இருக்கிறது.

ஆனால் மேலே எழுதியிருப்பதைப் படித்தபோது சில விஷயங்களைச் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியது. கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் மூவரும் கவனியுங்கள். வெளிநாட்டில் இருக்கிற இந்தியக் குடிமகன் 6ஏ படிவம் போட்டு, பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரிப்படி பேரைச் சேர்க்கலாம். ஆன்லைனிலேயே போடலாம், பாஸ்போர்ட் நகல், விசாப் பக்கம் எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். பட்டியலின் கடைசியில் தனியாக வெளிநாட்டு வாக்காளர் என்று உங்கள் பேர் வரும். வாக்காளர் அட்டை தரமாட்டார்கள், பூத்தில் அசல் பாஸ்போர்ட்டைத்தான் காட்ட வேண்டும். ஓட்டை நேரில் வந்துதான் போட வேண்டும். ஆன்லைனில் ஓட்டுப் போடலாம் என்று வாட்ஸ்ஆப்பில் வருவதை நம்பாதீர்கள். ராணுவத்தில் இருப்பவர்கள், தூதரகத்தில் வேலை பார்ப்பவர்கள் மாதிரியானவர்களுக்குத்தான் சீட்டை மின்வழியில் அனுப்பித் தபாலில் திரும்பப் பெறுகிறார்கள். ஊரோடு திரும்பி வந்துவிட்டால் மறக்காமல் 6-ஆம் படிவம் போட்டுச் சாதாரணப் பட்டியலுக்கு மாறிக்கொள்ளுங்கள். தேவிபட்டினம் தம்பி, அங்கே ஓட்டுப் போட்டதால் இந்தியக் குடியுரிமை போகாது, அந்நாட்டுக் குடியுரிமை வாங்கினால்தான் போகும். தங்கச்சிமடத்தில் இருந்து எழுதியவரே, உங்கள் அண்ணன் நம் நாட்டுச் சிறையிலேயே இருந்திருந்தாலும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 62(5) பிரிவின்படி ஓட்டுப் போட்டிருக்க முடியாது, தடுப்புக் காவலில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் தபால் ஓட்டு. இன்னொன்று, உங்கள் பேரில் வேறு யாராவது போட்டுவிட்டால் அழுதுகொண்டு திரும்பாதீர்கள், நீங்கள்தான் அவர் என்று நிரூபித்தால் வாக்குச்சீட்டு ஒன்று தருவார்கள், கேட்டு வாங்குங்கள்.

தங்கச்சிமடம்:

சார், நான் சட்டம் கேட்கவில்லை. அம்மா அந்தப் பையனிடம் சொன்னதை எழுதினேன்.

மண்டபம்:

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இங்கே இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தவள். ஏப்ரல் 19-ஆம் தேதி எங்கள் வாசலுக்கு எந்தப் பையனும் பட்டியலோடு வரவில்லை, எங்கள் பேர் எந்தப் பட்டியலிலும் இல்லை. எனக்கு விடாமல் ஞாபகம் வருவது செப்டம்பர் 22. முந்தின நாள் இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் அந்த நாட்டு வரலாற்றிலேயே முதல் தடவையாக ரெண்டாவது விருப்பு வாக்கை எண்ணினார்கள் (அங்கே 1, 2, 3 என்று மூன்று பேர் வரை வரிசைப்படுத்திப் போடலாம்). அம்மா மன்னார்க்காரர், 1990-இல் வள்ளத்தில் வந்தவர். யூடியூப்பில் முடிவு ஓடிக்கொண்டிருக்கும்போது காலண்டர் தாளைத் திருப்பிப் பேனாவால் மூன்று கட்டம் போட்டார். "நான் எண்டா இப்பிடிப் போட்டிருப்பன்" என்று சொல்லி, முதலில் தமிழ்ப் பொதுவேட்பாளரின் சங்குச் சின்னத்துக்கு 1, அப்புறம் நெடுநேரம் யோசித்து அநுரகுமாரவுக்கு 2. மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று முடிவே செய்ய முடியாமல் என்னிடம் கேட்டார். பேனாவை வைத்துக்கொண்டு அத்தனை கவனமாக ஒருவர் ஓட்டுப் போட்டு நான் பார்த்ததில்லை. ஜெயித்தவர் அநுரகுமார. நவம்பர் 14-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத்திலேயே ஆறில் மூன்று இடம் அவருடைய கூட்டணிக்குப் போனபோது அம்மா ஒரு வாரம் அதையே பேசினார்.

தொண்டி அண்ணன் தேர்தல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். கையில் ஒரு ஓட்டு இருக்கிறவர் அப்படிச் சொல்லலாம்.

ராமநாதபுரம் வாத்தியார்:

மண்டபம் பிள்ளை, 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இந்த வழியில் நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் வாங்கி, 2024-இல் திருச்சியில் ஓட்டுப் போட்டார். உன் பிறப்புச் சான்றிதழைப் பார்.

மண்டபம்:

தெரியும் சார், அந்தச் செய்தியை முகாமில் எல்லாரும் படித்தோம். நான் பிறந்தது 1992-இல். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அப்பாவோ அம்மாவோ இந்தியராக இருக்க வேண்டும். 2024 மார்ச்சில் அமலுக்கு வந்த குடியுரிமைத் திருத்த விதிகளிலும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான்தான் இருக்கிறது, இலங்கை இல்லை. எனக்கு இப்போது தெரிய வேண்டியது வேறு. அம்மாவின் பழைய இலங்கை அடையாள அட்டை வள்ளத்தில் வந்தபோதே நனைந்து எழுத்து போய்விட்டது. சென்னையில் உள்ள துணைத் தூதரகத்தில் அதை வைத்துப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் இங்கே யாராவது இருந்தால், என்னென்ன தாள் கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.