மகள் முகத்தில் தடவும் டியூப்: எறிவதா, பேசுவதா?

கேட்பவர்: தேவகோட்டை தையல்காரி

வணக்கம். தேவகோட்டையில் வீட்டுத் திண்ணையிலேயே மெஷின் போட்டு 19 வருஷமாக பிளவுஸ் தைக்கிறேன். முன்னெல்லாம் அளவு எடுக்கும்போது, "கை கொஞ்சம் லூசா இருக்கட்டும்க்கா, குடம் தூக்கணும்" என்பார்கள். இப்போது ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளை போனில் சீரியல் கதாநாயகி படத்தை நீட்டுகிறது. "இதே கழுத்து, இதே டிசைன்." சரி, தைத்துவிடலாம். அடுத்த வார்த்தை: "ஆனா கையை முழுசா மூடிடுங்கக்கா, என் கை கறுப்பு."

எங்கள் பக்கத்துக் கண்டாங்கிச் சேலையின் அரக்கும் கடுகு மஞ்சளும் கறுத்த உடம்பில்தான் எடுப்பாகத் தெரியும். அதைக் கட்டிய அப்பத்தாக்களின் பேத்திகள் "இது என் கலருக்கு எடுக்காது" என்று வெளிர் ரோஸ் தேடுகிறார்கள்.

இதெல்லாம் அடுத்த வீட்டுக் கதை என்று இருந்தேன். போன மாதம் என் மகள் தலகாணி உறையை மாற்றும்போது முகம் வெளுக்கத் தடவுகிற க்ரீம் டியூப் ஒன்று விழுந்தது. காரைக்குடியில் காலேஜ் முதல் வருஷம் படிக்கிறாள். கூடப் படிக்கிற பிள்ளை சொல்லி, டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கி, ஆறு மாதமாகத் தடவியிருக்கிறாள். இப்போது கன்னத்தில் சிவப்புச் சிவப்பாக நரம்பு தெரிகிறது. வெயிலில் போனால் எரிகிறதாம்.

சத்தம் போட்டேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்: "டிவியில நம்ம மாதிரி ஒருத்தியாவது இருக்காளாம்மா? வீட்டு வேலைக்கு வர்ற அக்காவைத் தவிர?"

மறுநாள் சாயங்காலம் கொக்கி தைத்துக்கொண்டே மூன்று தொடர் பார்த்தேன். கதாநாயகி, நாத்தனார், வில்லி, கிராமத்து மாமியார் வரைக்கும் எங்கள் தெருவில் ஒருவருக்கும் இல்லாத நிறம். வருஷக்கணக்காகப் பார்க்கிறேன், அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் வயிற்றில் இருந்தபோது பிள்ளை சிவப்பாகப் பிறக்கவேண்டும் என்று பாலில் குங்குமப்பூ போட்டுக் குடித்தவள் நான்.

டியூபைப் பிடுங்கி எறியட்டுமா? டிவியை நிறுத்தட்டுமா? அவளிடம் என்ன பேசுவது?

பதில்: புதுவயல் மருந்தாளுநர்

அக்கா, எறியாதீர்கள். அட்டையோடு எடுத்து வையுங்கள், டாக்டர் பார்க்கவேண்டும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது போட்டிருந்தால் அது ஸ்டீராய்டு, அரிப்பு, தடிப்புக்கு டாக்டர் எழுதித் தருகிற வீரியமான மருந்து. 2018-லேயே மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. ஆனாலும் கேட்டால் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன.

அது தோலுக்குள் ரத்தக் குழாயைச் சுருக்கும், அதனால் கொஞ்ச நாள் முகம் வெளுத்த மாதிரி தெரியும். பிறகு தோல் மெலியும், நரம்பு தெரியும், பரு வரும், சிலருக்கு முடிகூட முளைக்கும். திடீரென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். "க்ரீமை விட்டதால்தான் கெட்டுப்போச்சு" என்று பிள்ளைகள் மறுபடி அதையே தடவும். அதனால் எப்படி நிறுத்துவது என்று தோல் டாக்டர்தான் சொல்லவேண்டும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

பெயர் தெரியாத டப்பா க்ரீம் எதுவும் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிலவற்றில் பாதரசம் இருக்கும். கேரளத்து மலப்புரத்தில் அப்படித் தடவியவர்களுக்கு 2023-ல் சிறுநீரகப் பாதிப்பே கண்டுபிடித்தார்கள்.

பதில்: கானாடுகாத்தான்காரி

எங்கள் ஊர் பங்களாக்களில் ஷூட்டிங் நடக்கும்போது தலை அலங்கார உதவிக்குப் போயிருக்கிறேன். அந்த நடிகைகளை விடிகாலையில் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் நம் நிறம்தான். முகத்தில் மட்டுமில்லை, கழுத்து, முதுகு, கை, கால் விரல் வரை வெளிர் நிறத்தில் பூசுவார்கள். அதற்கு மேல் லைட்டு. அதையும் தாண்டி கம்ப்யூட்டரில் கலர் ஏற்றுவார்கள்.

ஒரு தடவை கதாநாயகி கறுப்பு என்று கதை. வெளுத்த பெண்ணைக் கூட்டிவந்து கறுப்பு பூசினார்கள். சாயங்காலம் அவர் பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்து பஞ்சும் எண்ணெயுமாகத் துடைக்கத் துடைக்க, குடத்தோடு நடந்து போகிற காட்சிக்கு வந்த உள்ளூர்ப் பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது. அதுக்கு நல்ல கண், நல்ல குரல். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

பதில்: பள்ளத்தூர் ஆசிரியர்

டிவியால் இவ்வளவு ஆகுமா என்று கேட்பவர்களுக்கு பிஜித் தீவைச் சொல்வேன். அங்கே நாட்ரோகா பகுதிக்கு 1995-ல்தான் டிவி வந்தது. உடம்பு தாட்டியாக இருப்பதுதான் அங்கே மதிப்பு. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆன் பெக்கர் அந்த வருஷமே பள்ளி மாணவிகளிடம் விசாரித்தார், 1998-ல் திரும்பப் போனார். எடை குறைய வேண்டுமென்றே வாந்தி எடுப்பவர் முதலில் ஒருவரும் இல்லை; மூன்றே வருஷத்தில் 11 சதவீதத்துக்கு மேல்.

நம் ஊரில் பழியை டிவி மேல் மட்டும் போடமுடியாது. ஃபேர் அண்ட் லவ்லி வந்தது 1975-ல். அப்போது நம் வீடுகளில் டிவியே இல்லை. கறுப்பாக இருப்பவரை மதிப்புக் குறைந்தவராகக் காட்டக்கூடாது என்று விளம்பரத் தர மன்றம் 2014-ல் விதி வைத்தது, 2020-ல் அந்த க்ரீமின் பெயரே மாறியது. வரன் தேடும் விளம்பரத்தில் "சிவந்த நிறம்" மட்டும் அப்படியே நிற்கிறது. அதை எழுதிக்கொடுப்பது நாம்தான்.

பதில்: காரைக்குடி மாணவி

ஆன்ட்டி, டிவியை நிறுத்தாதீங்க, அவ போன்ல பார்ப்பா. "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கே"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. எங்க வீட்டுக் கல்யாணங்கள்ல நான் கேட்டு வளர்ந்தது இதுதான். அந்த "இருந்தாலும்" ரொம்ப வலிக்கும். குங்குமப்பூ விஷயத்தை இங்க எழுதினீங்கல்ல, அதை அவகிட்டயே சொல்லுங்க.

தேவகோட்டை தையல்காரி

எல்லோருக்கும் நன்றி. வியாழக்கிழமை சிவகங்கை போய் வந்தோம். ஸ்டீராய்டுதான். படிப்படியாக நிறுத்தச் சொல்லி வேறு மருந்து கொடுத்திருக்கிறார்கள், 15 நாள் கழித்து வரச் சொன்னார்கள். திரும்பும்போது பஸ்ஸில் குங்குமப்பூவைச் சொன்னேன். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள், திட்டவில்லை. இன்னும் முகத்தில் துப்பட்டா கட்டிக்கொண்டுதான் காலேஜ் போகிறாள்.

ராத்திரி இந்தப் பதில்களை அவளிடமே படிக்கக் கொடுத்தேன். கானாடுகாத்தான் அக்கா, உங்களுடையதை ரெண்டு தரம் படித்தாள். குடத்தோடு நின்ற பிள்ளை இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்கச் சொன்னாள். தெரிந்தால் எழுதுங்கள்.