இரண்டு நாள் நகரப் பயணத்தில் உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். அடுத்த மாதம் நானும் மனைவியும் என் அம்மாவும் எங்களுக்கு முற்றிலும் புதிதான ஒரு நகரத்துக்குச் சனிக்கிழமை காலையில் போய், ஞாயிற்றுக்கிழமை இரவு திரும்ப இருக்கிறோம். கணக்குப் பார்த்தால் மொத்தம் ஐந்து வேளைச் சாப்பாடுதான் வருகிறது. அவற்றில் மூன்று வேளையாவது அந்த ஊர்க்காரர்கள் எந்த ஆடம்பரமும் இல்லாமல் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரும் கடைகளில் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் ஆசை.

சென்ற முறை வேறொரு நகரத்தில், மதிப்பீட்டுப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த உணவகத்தைத் தேடிப் போய் வாசலில் ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே போய்ப் பார்த்தால் எல்லா மேசைகளிலும் எங்களைப் போலப் பையும் பெட்டியுமாக வந்த வெளியூர்க்காரர்களே இருந்தார்கள். சாப்பாடு மோசமில்லை, ஆனால் அதை எந்த ஊரிலும் சாப்பிட்டிருக்கலாம். அன்று இரவு விடுதிக்குத் திரும்பும்போது, பின்புறச் சந்தில் ஒரு சிறிய கடையில் குழந்தைகளோடு குடும்பங்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தோம். எங்கள் வயிற்றில் இடமில்லை, மறுநாள் விடியற்காலையில் வண்டி. அது இன்னும் மனத்தை உறுத்துகிறது.

நட்சத்திர மதிப்பீட்டை எவ்வளவு தூரம் நம்பலாம்? விடுதியில் கேட்பதால் பயன் உண்டா? அம்மாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது, சர்க்கரைக்கு மருந்து எடுத்துக்கொள்கிறார். அவரால் நேரம் தவறிச் சாப்பிட முடியாது, அதிக நேரம் நிற்கவும் முடியாது. இதையும் மனத்தில் வைத்துச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

முதல் பதில் (வேலை நிமித்தம் ஊர் ஊராகப் போகிறவர்)

மதிப்பீட்டை ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. அதைப் படிக்கும் விதத்தை மாற்றினால் போதும். அந்த எண்ணுக்குப் பின்னால் பெரிய பணம் இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லூக்கா 2011இல் வெளியிட்ட ஆய்வில், வாடிக்கையாளர்கள் மதிப்புரை எழுதும் யெல்ப் என்ற இணையதளத்தில் ஒரு நட்சத்திரம் கூடும்போது உணவகத்தின் வருவாய் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்றும், கிளைகள் பல கொண்ட நிறுவனங்களைவிடத் தனிக்கடைகளிடமே இந்த விளைவு தெரிகிறது என்றும் கண்டார். இவ்வளவு ஆதாயம் இருக்கும் இடத்தில் போலி மதிப்புரைகள் முளைக்கத்தான் செய்யும். 2017இல் லண்டனில் ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசர் என்ற பயண மதிப்புரைத் தளத்தில் பதிவு செய்து, நண்பர்களை மதிப்புரை எழுத வைத்து, வாடிக்கையாளர் ஒருவர்கூட அங்கே வந்து சாப்பிடாத நிலையிலேயே அதை அந்த நகரத்தின் முதலிடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

ஆகவே நான் எண்ணைப் பார்ப்பதற்கு முன் எழுதியவரைப் பார்க்கிறேன். கூகுள் மேப்ஸில் ஒருவருடைய பெயரைத் தொட்டால், அவர் வேறு எந்தெந்த இடங்களுக்கு மதிப்புரை எழுதியிருக்கிறார் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அதே நகரத்தின் முடிதிருத்தகம், பல் மருத்துவமனை, சைக்கிள் பழுதுபார்க்கும் கடை ஆகியவற்றைப் பற்றியெல்லாம் எழுதியிருந்தால் அவர் அங்கேயே குடியிருப்பவர். அருங்காட்சியகம், கோட்டை, விமான நிலையம் என்று வரிசை போனால் அவரும் உங்களைப் போல வந்து போனவர். அப்படிப்பட்ட உள்ளூர்க்காரர்கள் ஐந்தாறு பேர் எழுதிய ஒரு கடை, ஆயிரம் பயணிகள் புகழ்ந்த கடையைவிட எனக்கு மேலானது.

மதிப்புரைகளைப் புதியவை முதலில் வருமாறு வரிசைப்படுத்துங்கள். சமையல்காரர் மாறியது, கை மாறியது எல்லாம் அதில்தான் தெரியும்; பழைய புகழின் சராசரி அதை மறைத்துவிடும். கடையின் பெயரையும் உணவின் பெயரையும் அந்த ஊர் மொழியின் எழுத்திலேயே தேடிப் பாருங்கள். வேறு கடைகள் வரும். குறைகளையும் படியுங்கள். 'இரண்டு மணிக்குப் போனால் எல்லாம் தீர்ந்துவிடுகிறது', 'முன்பு இருந்த அளவு இப்போது வைப்பதில்லை' என்று எழுதுபவர் கோபத்தில் இருந்தாலும் அந்தக் கடைக்குப் பலமுறை போனவர் என்பது தெளிவு. கூட்டம் அதிகமாக இருக்கும் நேரங்களைக் காட்டும் வரைபடத்தையும் பாருங்கள். வார நாட்களின் மதியத்தில் உச்சம் தொட்டால், அங்கே வேலைக்குப் போகிறவர்கள் சாப்பிடுகிறார்கள் என்று பொருள்.

இரண்டாம் பதில் (பல ஆண்டுகளாக வார இறுதிப் பயணம் போகிறவர்)

மேலே சொன்னவற்றில் கடைசிக் குறிப்பு மட்டும் உங்கள் பயணத்துக்குப் பொருந்தாமல் போகலாம். அலுவலகப் பகுதிகளில் மதியக் கூட்டத்தை நம்பி நடக்கும் நல்ல கடைகள் பல, சனி, ஞாயிறுகளில் கதவைத் திறப்பதே இல்லை. நான் ஒருமுறை மூன்று கடைகளைக் குறித்து வைத்துக்கொண்டு போய், மூன்றின் பூட்டையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். வார இறுதியில் ஊர்க்காரர்கள் குடியிருப்புப் பகுதியிலும் காய்கறிச் சந்தையைச் சுற்றியும்தான் இருப்பார்கள். பெரிய மருத்துவமனை, பேருந்துப் பணிமனை ஆகியவற்றின் அருகில் இருக்கும் கடைகளுக்கு ஞாயிறு என்று ஒன்று கிடையாது. சுற்றுலா இடத்தின் வாசலிலிருந்து பத்து நிமிடம் நடந்து, நினைவுப்பொருள் கடைகள் முடிந்து மருந்துக்கடையும் பள்ளிக்கூடமும் தொடங்கும் இடத்துக்கு வந்துவிட்டால், அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.

விடுதியில் கேட்பதைப் பற்றி: 'இங்கே நல்ல உணவகம் எது?' என்று கேட்டால், விருந்தாளி குறை சொல்லக் கூடாது என்று நினைத்து, எல்லாருக்கும் சொல்லும் பெயரையே சொல்வார்கள். 'நேற்று மதியம் நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள்?' என்று கேளுங்கள். அறையைச் சுத்தம் செய்ய வருபவரிடமும் இரவுக் காவலரிடமும் இதையே கேளுங்கள். முதலில் தயங்குவார்கள், 'அது சின்னக் கடை, உங்களுக்குச் சரிப்படுமோ என்னவோ' என்பார்கள். அந்தத் தயக்கத்துக்குப் பிறகு வரும் பெயரைத்தான் நான் எழுதி வைத்துக்கொள்வேன்.

அப்படிப் போன ஒரு கடை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆறே மேசைகள். கரும்பலகையில் அன்றைய பண்டங்கள் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருந்தன; நாங்கள் உட்கார்ந்த அரை மணி நேரத்தில் பரிமாறியவர் இருமுறை வந்து ஒவ்வொரு வரியாக விரலால் அழித்துவிட்டுப் போனார். பக்கத்து மேசைக்கு வந்த பெரியவர் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைப்பதற்குள் தட்டு முன்னால் வந்துவிட்டது. நானும் அவருடைய தட்டைக் காட்டி, அதையே கொடுங்கள் என்றேன்.

மூன்றாம் பதில் (உணவகச் சமையலறையில் பணியாற்றியவர்)

அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதால் இதைச் சொல்கிறேன். சிறிய கடை என்றால் சுத்தம் குறைவு என்று பலர் அஞ்சுகிறார்கள். உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் என் கவலை எப்போதும் கடையின் அளவைப் பற்றியதல்ல, உணவு எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்பதைப் பற்றியதே. சமைக்கும் உணவின் உட்பகுதி 70 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும், பரிமாறும் வரை 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், சமைத்ததை அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐந்தாறு பண்டங்களை மட்டும் செய்து, ஆள் வர வர அடுப்பிலிருந்து இறக்கும் கடையில் இது தானாகவே நடந்துவிடும். எண்பது பண்டங்கள் கொண்ட பட்டியலை நீட்டும் கடையில் கூட்டமும் இல்லாவிட்டால், அவற்றில் பல முன்பே செய்து வைத்தவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கூட்டம் உச்சத்துக்கு வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். அடுப்பு சூடாகியிருக்கும், எல்லாப் பண்டமும் இருக்கும், அம்மாவுக்கு உட்கார இடமும் கிடைக்கும். மதியத்துக்கும் இரவுக்கும் இடையில் மூடும் கடைகள் உண்டு. புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு திட்டமிட்டாலும் தாமதம் வரலாம் என்பதால், அம்மாவின் கைப்பையில் அவருக்கு ஒத்துக்கொள்ளும் சிற்றுணவு ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அலுவலகப் பகுதிக் கடைகள் வார இறுதியில் மூடியிருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் குறித்து வைத்திருந்த நான்கு கடைகளில் இரண்டு அப்படிப்பட்டவை என்பதை இப்போதுதான் பார்த்தேன். விடுதியைச் சந்தைப் பக்கமாக மாற்றிவிட்டேன். சனிக்கிழமை காலையில் பெட்டியை வைத்ததும், அறைக்கு வருபவரிடம் முதலில் அந்தக் கேள்வியைத்தான் கேட்கப் போகிறேன். போய்வந்த பிறகு, எந்தக் கடையில் சாப்பிட்டோம், அதற்கு எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பதை இங்கேயே எழுதுகிறேன்.